வாரியத்துக்குப் புகார் எழுதும் முன் கன்சென்ட்டைப் படியுங்கள்

திருப்பூர், ஈரோடு, கரூர், பள்ளிபாளையம் பக்கம் பள்ளத்தில், அதாவது ஓடையில், கலர் தண்ணீர் போனால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது "பொல்யூஷன் போர்டு என்ன பண்ணுது?" என்ற கேள்விதான். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கோபத்தோடு எழுதப்படும் புகார்கள் பல "சாயப்பட்டறைகள் கழிவுநீரைத் திறந்துவிடுகின்றன, உடனே நடவடிக்கை எடுக்கவும்" என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. இந்த வரியை வைத்துக்கொண்டு அதிகாரி ஒருநாள் வந்து பார்ப்பார். அன்றைக்குப் பள்ளம் காய்ந்து கிடக்கும். "ஆய்வின்போது கழிவுநீர் வெளியேற்றம் காணப்படவில்லை" என்று பதில் வரும். கோப்பு மூடிவிடும்.

எந்த ஆலை, எந்த நேரம், எந்த இடம், அதற்கு வாரியம் கொடுத்த அனுமதியான இசைவாணையில் எந்த நிபந்தனை மீறப்பட்டது என்று எழுதினால் கதை வேறு. அப்படி எழுதுவதற்கு வாரியம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தின்கீழ் 1982இல் அமைக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டமும், 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், அபாயகரக் கழிவு போன்றவற்றுக்கான விதிகளும் அதன் கையில் இருக்கின்றன. தலைமையகம் சென்னை கிண்டியில். நமக்கு வேண்டியவர் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர்; டீஇஈ என்பார்கள். தொழில் அதிகமாக இருப்பதால் கொங்கில் ஒரே மாவட்டத்துக்கு இரண்டு அலுவலகங்கள் இருப்பது வழக்கம். கோவையிலும் திருப்பூரிலும் வடக்கு, தெற்கு என்று தனித்தனி. ஈரோட்டுக்கு ஒன்று, பெருந்துறைக்கு ஒன்று. நாமக்கல்லுக்கு ஒன்று, குமாரபாளையத்துக்கு ஒன்று. உங்கள் ஊர் எந்த அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தவறான மேசைக்குப் போன மனு சரியான மேசைக்கு வந்து சேர்வதற்குள் தண்ணீரும் போய்விடும், தடயமும் போய்விடும்.

வாரியத்தின் அதிகாரம் முழுவதும் ஒரே ஒரு காகிதத்தில்தான் தொடங்குகிறது. இசைவாணை. பேச்சில் கன்சென்ட். ஆலை கட்டும் முன் நிறுவுவதற்கான இசைவாணை, கட்டி முடித்து ஓட்டும் முன் இயக்குவதற்கான இசைவாணை. நீருக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று எனத் தனித்தனி ஆணைகள். தொழில் எவ்வளவு மாசு தரக்கூடியது என்பதைப் பொறுத்து சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என வகை பிரிப்பார்கள். சாயப்பட்டறை, தோல் பதனிடும் ஷாப் எல்லாம் சிவப்பு. விண்ணப்பம் கொடுத்து நான்கு மாதத்துக்குள் வாரியம் கொடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்றால் இசைவு கொடுத்ததாகவே நீர்ச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஊருக்குள் புதிதாக ஒரு ஆலை வருகிறது என்று காதில் விழுந்தால், சுவர் எழும்பும் வரை காத்திருக்காமல் அந்த நான்கு மாதத்துக்குள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

இடத்தையும் அப்போதே பார்க்க வேண்டும். காவிரி, அதன் துணையாறுகள் ஆகியவற்றிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அதிக மாசு தரும் தொழில்கள் புதிதாக வருவதற்கு 1998ஆம் ஆண்டு அரசாணை 127 தடை போட்டிருக்கிறது. அதற்கு முன்னால் 1989இல் வந்த அரசாணை 213 ஒரு கிலோமீட்டர் என்று வைத்திருந்தது. பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் காவிரியின் துணையாறுகள். சர்வே எண்ணை வைத்து ஆற்றங்கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து மனுவில் போடுங்கள். வேறு எந்த வாதமும் இல்லாமல் இந்த ஒன்றே போதும் என்கிற இடங்கள் கொங்கில் நிறைய உண்டு.

இனி ஓடிக்கொண்டிருக்கும் ஆலைக்கு வருவோம். அதன் இயக்க இசைவாணையை வாங்கிப் பாருங்கள். தயாரிப்பு என்ன, மாதம் எத்தனை டன் என்று இருக்கும். அதற்குக் கீழே கழிவுநீர் வெளியேறும் வழிகள்: மனிதக் கழிவுநீர் ஒரு வரி, தொழிற்கழிவுநீர் ஒரு வரி. ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு அதிகபட்சம் எத்தனை கிலோலிட்டர், எங்கே போய்ச் சேர வேண்டும் என்று எழுதியிருக்கும். திருப்பூர்ப் பகுதிப் பட்டறை என்றால் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டும், அல்லது சொந்த நிலையத்தில் சுத்திகரித்து முழுவதையும் திரும்பப் பயன்படுத்த வேண்டும். வெளியே ஒரு சொட்டும் விடக்கூடாது. காற்று ஆணையில் பாய்லர், ஜெனரேட்டர், அவற்றின் புகைபோக்கி உயரம், புகையைச் சுத்தம் செய்ய என்ன கருவி என்று இருக்கும். கடைசியில் கூடுதல் நிபந்தனைகள் இரண்டு மூன்று பக்கம். அதுதான் உயிர். ஃப்ளோ மீட்டர் எங்கெங்கே வைக்க வேண்டும், சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தனி மின் மீட்டர், ஆன்லைன் கண்காணிப்பு, உப்பையும் ஸ்லட்ஜ் எனப்படும் கழிவுச் சேற்றையும் எங்கே வைக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

இந்த ஆணையைப் பார்க்க யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. நீர்ச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, 6ஆம் உட்பிரிவு: விதித்த நிபந்தனைகளை ஒரு பதிவேட்டில் வாரியம் வைத்திருக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் எவரும், அவர் அனுப்பும் ஆளும், நியாயமான நேரத்தில் போய் அதைப் பார்க்கலாம். அலுவலகத்தில் தயங்கினால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். "மாசு குறித்த விவரம் தருக" என்று கேட்டால் ஒன்றும் வராது. இன்ன ஆலையின் நடப்பு நீர், காற்று இசைவாணை நகல்; கடைசி இரண்டு ஆய்வறிக்கை; கடைசி ஆய்வகப் பகுப்பாய்வு அறிக்கை; ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 30க்குள் ஆலை தர வேண்டிய சுற்றுச்சூழல் அறிக்கையான ஐந்தாம் படிவம்; ஜூன் 30க்குள் தர வேண்டிய அபாயகரக் கழிவு ஆண்டறிக்கையான நான்காம் படிவம். இந்த ஐந்தையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இந்தக் காகிதங்கள் கைக்கு வந்தபிறகு செய்ய வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. உப்புக் கணக்கு. சாயக்கழிவைப் பொறுத்தவரை இதைவிடக் கூர்மையான ஆயுதம் கிடையாது.

பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமென்றால் சாயத் தொட்டியில் லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்பு போட வேண்டும். சாதா உப்போ சோடியம் சல்பேட்டோ எதுவானாலும் அது துணியில் தங்காது. முழுக்கத் தண்ணீரில்தான் வரும். அலசிய தண்ணீர், சலவைத் தண்ணீர் எல்லாம் சேர்ந்து கலந்தபின் கழிவுநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு ஆறாயிரம் மில்லிகிராம் வாக்கில் நிற்கும். உப்பை நுண்ணுயிர் தின்னாது, சுண்ணாம்பு பிடிக்காது, குளோரின் எரிக்காது. போட்ட உப்பு எங்கேயாவது இருந்தே தீரும்.

நாளுக்கு 100 கிலோலிட்டர் கழிவுநீர் வரும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 6 கிராம் என்றால் நாளொன்றுக்கு 600 கிலோ உப்பு. மாதம் 25 வேலைநாளுக்கு 15 டன். சுத்திகரிப்பு ஒழுங்காக நடந்தால் இந்த 15 டன்னும் இரண்டு உருவில்தான் இருக்க முடியும். மறுபடியும் சாயத்துக்கே எடுத்த உப்புக் கரைசல், அல்லது கலப்பு உப்பாக மூட்டையில். இரண்டுக்கும் பதிவேடு இருக்க வேண்டும். பதிவேட்டில் கரைசலாக 8 டன், ஷெட்டில் 3 டன் என்று இருந்தால் மீதி 4 டன் உப்பு பள்ளத்திலோ போரிலோ (ஆழ்துளைக் கிணற்றிலோ) போயிருக்கிறது. புகாரில் இந்தக் கணக்கைப் போட்டு "மீதி உப்பு எங்கே என்று ஆய்வு செய்க" என்று கேட்டால், காய்ந்த பள்ளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போக அதிகாரிக்கு வழியில்லை. அன்றைக்குத் தண்ணீர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இந்தக் கேள்விக்குப் பதில் உள்ளேதான் இருக்கிறது.

எந்த இடத்தில் தவறு நடக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கழிவுநீர் முதலில் சமன்படுத்தும் தொட்டிக்கு வரும். பிறகு உயிரியல் சுத்திகரிப்பு, சேற்றைப் படியவைக்கும் கிளாரிஃபையர், மணல் வடிகட்டி, நுண்வடிகட்டி, அதன்பின் ஆர்ஓ. ஆர்ஓவில் நூறுக்கு எண்பது எண்பத்தைந்து பங்கு நல்ல தண்ணீராகத் திரும்பிவிடும். அதுவரைக்கும் ஆலைக்காரருக்கு லாபம். தண்ணீர் விலை மிச்சம். மீதி 15 பங்குதான் ரிஜெக்ட். 100 கிலோலிட்டரில் இருந்த உப்பு அத்தனையும் 15 கிலோலிட்டரில் இறுகி நிற்கும். அதை எவாப்பரேட்டரில் காய்ச்சி உப்பாக்க வேண்டும். விறகும் கரண்டும் அங்கேதான் எரியும், வருமானம் ஒன்றும் கிடையாது. எவாப்பரேட்டர் குழாயில் படிவு கட்டினால் ஆசிட் விட்டுக் கழுவும்வரை நிறுத்த வேண்டும். ரிஜெக்ட் தொட்டி மூன்று நாளைக்குத்தான் கட்டியிருக்கிறார்கள் என்றால் நான்காம் நாள் சாயம் போடுவதை நிறுத்தியாக வேண்டும். ஷிப்மென்ட் நாள் நெருங்கும்போது நிறுத்த மனம் வருவதில்லை. ராத்திரி டேங்கர், மழை நாளில் திறப்பு, பழைய போருக்குள் குழாய் எல்லாம் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. ஆகவே ஆய்வு கேட்கும்போது "எவாப்பரேட்டர் ஓடிய நேரப் பதிவு, அதன் மின் மீட்டர் ரீடிங், ரிஜெக்ட் தொட்டி மட்டம்" என்று குறிப்பாகக் கேளுங்கள். வாசலில் பளபளவென்று ஓடும் ஆர்ஓவைக் காட்டுவது சுலபம்.

பள்ளத்தில் ஓடும் தண்ணீரை நாமே சோதிக்கலாமா? சோதிக்க வேண்டும். ஆனால் எதற்காக என்பதில் தெளிவு வேண்டும். நாம் பாட்டிலில் பிடித்த தண்ணீர் வழக்கில் சட்டப்படியான மாதிரி ஆகாது. நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி வாரிய அதிகாரி அந்த இடத்திலேயே நோட்டீஸ் கொடுத்து, ஆலைக்காரர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, சீல் வைத்து, இருவரும் கையெழுத்திட்டால்தான் அது சாட்சியம். ஆலைக்காரர் வேண்டுமென்றே தலைமறைவானால் அதிகாரி தனியாகவே கையெழுத்திட்டு எடுக்கலாம். அதற்கும் சட்டத்தில் இடமுண்டு. நம்முடைய அளவீடு அந்த அதிகாரியைச் சரியான நேரத்துக்குச் சரியான இடத்துக்குக் கொண்டுவருவதற்கு.

தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கையடக்க டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கினால் கூடவே 1413 மைக்ரோசீமன்ஸ் அளவுத் திரவமும் வாங்கி, மீட்டர் சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண மீட்டர்கள் உண்மையில் அளப்பது மின்கடத்துதிறனைத்தான், அதை 0.5 அல்லது 0.7 என்று ஏதோ ஒரு எண்ணால் பெருக்கி டிடிஎஸ் என்று காட்டும். ஒரே தண்ணீருக்கு இரண்டு மீட்டர் இரண்டு எண் காட்டுவது இதனால்தான். மின்கடத்துதிறனையே குறித்துவையுங்கள், டிடிஎஸ் வேண்டுமானால் 0.64 போட்டுத் தோராயமாகச் சொல்லலாம். அளக்கும் தண்ணீரிலேயே குவளையை மூன்று முறை அலசுங்கள். சூடாக வரும் தண்ணீரை ஆறவிட்டு அளவுங்கள். எண் அரை நிமிடம் நிலைத்து நிற்கட்டும்.

ஒரு இடத்தில் மட்டும் அளந்தால் பயனில்லை. கீழே இருந்து மேலே நடக்க வேண்டும். ஒவ்வொரு தரைப்பாலத்திலும், ஒவ்வொரு ஓடை சேரும் இடத்திலும் அளந்துகொண்டே போங்கள். எண் திடீரென்று விழும் இடத்துக்கும் அதற்கு முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் கழிவு சேருகிறது. அந்த இடைவெளியில் எத்தனை ஆலை, எத்தனை குழாய் என்று பார்த்தால் பெயர் தானாகவே சுருங்கிவரும். ராத்திரி திறந்துவிட்டதைக் காலையில் அளந்தால் எல்லாம் கலந்து போயிருக்கும். வாசனை வரும் நேரத்திலேயே போக வேண்டும். இருட்டில் தனியாகப் போக வேண்டாம், தனியார் இடத்துக்குள் நுழையவும் வேண்டாம். பொதுப்பாதையிலிருந்தே இதைச் செய்யலாம்.

கண்ணை மட்டும் நம்பவும் கூடாது. ஹைப்போ என்ற குளோரின் பிளீச் திரவம் போட்டால் சாயம் வெளுத்துவிடும். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், உப்பு அப்படியே இருக்கும், கூடக் குளோரைடும் ஏறும். மறுபக்கம், நொய்யலில் நுரை பொங்கினால் உடனே சாயம் என்று எழுதிவிடுகிறோம். நகரச் சாக்கடையும் சோப்பு நீரும் அதே நுரையைத் தரும். மின்கடத்துதிறன் எண் ஆயிரத்துச் சொச்சத்தில் நின்று மலநாற்றம் அடித்தால் அது சாக்கடை; அதற்குப் பொறுப்பு உள்ளாட்சி. எண் மூன்றாயிரம் நாலாயிரம் என்று ஏறினால்தான் சாயம், சலவைப் பக்கம் பார்க்க வேண்டும். அதோடு கொங்கின் பாறை நிலத்துப் போர்த் தண்ணீர் இயற்கையிலேயே உப்பு. யாரும் கழிவு விடாத ஊரிலும் போரில் ஆயிரத்து ஐந்நூறு காட்டும். உங்கள் கிணறு கெட்டது என்று சொல்ல, மேட்டுப் பக்கம் உள்ள கிணற்றையும் அதே நாளில் அளந்து பக்கத்தில் வைத்தால்தான் பேச்சு நிற்கும். பழைய சோதனைச் சீட்டு ஏதாவது இருந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்து, அந்தச் சீட்டை ஆண்டுக்கு ஒன்றாகப் பத்திரப்படுத்தும் பழக்கம் தோட்டத்துக்காரர்களுக்கு வர வேண்டும்.

அளவுகோல்களையும் சொல்லிவிடுகிறோம். நீர்நிலையில் விடத் தகுந்த சுத்திகரித்த கழிவுநீருக்கு: பிஎச் 5.5 முதல் 9 வரை, மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராம், பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிருக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) 30, சிஓடி (வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 250, எண்ணெய் 10, கரைந்த உப்பு 2100, குளோரைடு 1000, மொத்தக் குரோமியம் 2. தோல் ஷாப் பக்கம் என்றால் குரோமியமும் குளோரைடும் பார்க்கச் சொல்லுங்கள். சேலம், நாமக்கல் சேகோ (ஜவ்வரிசி) ஆலை என்றால் பிஓடி. சாயம் என்றால் உப்பு. எல்லாவற்றையும் பாருங்கள் என்று எழுதுவதைவிட இது பலிக்கும். பிஓடி மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்துச் சீக்கிரம் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். வெயிலில் காரில் கிடந்த பாட்டிலில் எண் குறைந்துபோகும். மாதிரி எடுக்கும்போது நீங்கள் அங்கே இருந்தால் ஐஸ் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

புகார் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு மாதிரி:

"... கிராமம், சர்வே எண் ... அருகிலுள்ள பள்ளத்தில், தரைப்பாலத்துக்கு மேற்கே சுமார் 50 மீட்டரில் சுவரை ஒட்டிய ஆறங்குலக் குழாயிலிருந்து 12ஆம் தேதி இரவு 11.40 முதல் 1.15 வரை சூடான கருநீலக் கழிவுநீர் வந்தது. பாலத்துக்குக் கீழே மின்கடத்துதிறன் 7200, குழாய்க்கு மேலே 1900 மைக்ரோசீமன்ஸ். 15, 19 தேதிகளிலும் இதே நேரம். இந்த ஆலையின் இசைவாணையில் வெளியேற்றம் கூடாது என்பது நிபந்தனை. இரவு 11 மணிக்குப்பின் ஆய்வு செய்து 21ஆம் பிரிவின்கீழ் மாதிரி எடுக்கவும், உப்பு இருப்பையும் எவாப்பரேட்டர் பதிவேட்டையும் சரிபார்க்கவும் வேண்டுகிறோம்."

கூடவே இடக்குறியீடு தெரியும் படம், ஒரு நிமிட வீடியோ. டீஇஈக்கு ஒரு பிரதி, உங்கள் பகுதிக்குரிய இணைத் தலைமைச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு ஒன்று, கலெக்டருக்கு ஒன்று. திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். 1100 எண்ணிலும் பதியலாம். விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எழுப்பினால் அதிகாரி எல்லோர் முன்னிலும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பதில் கூட்டக் குறிப்பிலும் ஏறும்.

மாதிரி தவறு என்று வந்தபின் என்ன நடக்கும்? முதலில் விளக்கம் கேட்டு நோட்டீஸ். நீர்ச் சட்டத்தின் 33ஏ பிரிவின்கீழ் மூடும் உத்தரவு போடும் முன் பதில் சொல்லப் பொதுவாக 15 நாளாவது கொடுக்க வேண்டும். உடனடியாகப் பெருங்கேடு வரும் என்று காரணம் எழுதினால் அந்த அவகாசம் இல்லாமலும் மூடலாம். "நோட்டீஸ் கொடுத்தும் ஓட்டுகிறார்களே" என்று மக்கள் கொதிப்பது இந்த இடைவெளியில்தான். மூடும் உத்தரவு வந்ததும் மின்வாரியம் கரண்டைத் துண்டிக்கும். ஜெனரேட்டரை வைத்து ஓட்டுவது பழைய தந்திரம். அதனால் ஜெனரேட்டருக்கும் பாய்லருக்கும் சீல் வைக்கப்பட்டதா என்று கேட்டு எழுதுங்கள். சில வாரத்தில் இணைப்பு திரும்பக் கிடைத்தால், எந்த நிபந்தனையில், எந்த மறுஆய்வு அறிக்கையை வைத்துக் கொடுத்தார்கள் என்று தகவல் உரிமையில் கேளுங்கள். சரிசெய்யாமல் திறந்ததெல்லாம் இந்தக் காகிதத்தில் தெரிந்துவிடும்.

மீறிய ஆலைக்கு வாரியம் விதிக்கும் சுற்றுச்சூழல் இழப்பீட்டுக் கணக்கிலும் தேதி முக்கியம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சூத்திரம் பெருக்கல் கணக்கு: மாசுக் குறியீடு, மீறல் நடந்த நாட்கள், ரூபாய்க் காரணி, ஆலையின் அளவு, ஊரின் மக்கள்தொகைக் காரணி. சிவப்பு வகைக்குக் குறியீடு 80. ரூபாய்க் காரணி 250, சிறு ஆலைக்கு 0.5, மக்கள்தொகைக் காரணி 1 என்று வைத்தால் 30 நாள் மீறலுக்கு 3 லட்சம் ரூபாய். நான்கு நாள்தான் ஆதாரம் இருக்கிறது என்றால் 40 ஆயிரம். உங்கள் நோட்டில் உள்ள ஒவ்வொரு தேதியும் இந்தப் பெருக்கலுக்குள் போகிறது. இப்படி இழப்பீடு விதிக்க வாரியங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விதிகள் வகுத்து, எதிர்த்தரப்பைக் கேட்டுவிட்டு விதிக்க வேண்டும்.

வாரியம் தானாகவே எல்லாவற்றையும் செய்துவிடும் என்று நாங்கள் நம்பவில்லை. நொய்யலின் வரலாறு அதற்குச் சாட்சி. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகி, அணையில் தண்ணீர் தேக்க வேண்டாம் என்று அதே ஆயக்கட்டு விவசாயிகள் கேட்கும் நிலை வந்தது. வழக்குப் போட்டவர்களும் அவர்களே. துளியும் வெளியேற்றக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் சொன்னது. அது நடக்கவில்லை என்றதும் 2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் மொத்தத்தையும் மூடச் சொன்னது. இத்தனை ஆண்டுகளாகக் கையில் இருந்த அதிகாரத்தை முதலிலேயே ஒவ்வொரு பட்டறையாகப் பயன்படுத்தியிருந்தால், ஒழுங்காக ஓட்டியவர்களும் கூலிக்காரர்களும் சேர்ந்து தெருவுக்கு வந்திருக்க வேண்டியதில்லை. நல்ல முறையில் சுத்திகரிக்கும் பட்டறைக்காரருக்கு, ரிஜெக்ட்டைத் திறந்துவிட்டு விலை குறைத்துக் கொடுக்கும் பக்கத்துப் பட்டறைதான் முதல் எதிரி. குறிப்பாக எழுதப்பட்ட புகார் அவருக்கும் உதவி.

வாரியத்திடம் போகக் கூடாதவையும் உண்டு. மணல், செம்மண் வெட்டுவது கனிமவளத் துறை. செங்கல் சூளையின் புகையும் இசைவும் வாரியம். கோவை தடாகம் பகுதியில் இரண்டும் கலந்து கிடந்ததால்தான் ஒவ்வொரு துறையும் அடுத்த துறையைக் காட்டிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் இருவருக்கும் தனித்தனி மனு போட வேண்டும். குப்பை எரிப்பு உள்ளாட்சிக்கு. கோயில் ஒலிபெருக்கி போலீசுக்கு. வண்டிப் புகை ஆர்டிஓவுக்கு. பாய்லரில் பனியன் வேஸ்ட்டும் பிளாஸ்டிக்கும் எரிப்பது மட்டும் சந்தேகமில்லாமல் வாரியத்துக்கு. கரும்புகை வரும் நேரத்தைக் குறித்து, காற்று ஆணையில் என்ன எரிபொருள் என்று எழுதியிருக்கிறதோ அதைப் பக்கத்தில் வையுங்கள். தென்னைநார்க் கழிவுத் தொட்டித் தண்ணீர் காங்கேயம், பொள்ளாச்சி பக்கம் போரைக் கெடுப்பதும் வாரியத்துக்குத்தான்.

வாரியம் அசையவே இல்லை என்றால் இரண்டு வழி. நீர்ச் சட்டத்தின் 49ஆம் பிரிவில், 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு நீங்களே நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்யலாம். அப்போது தன்னிடமுள்ள அறிக்கைகளை வாரியம் உங்களுக்குக் கொடுத்தாக வேண்டும். பொதுநலனுக்குப் பாதகம் என்று கருதுவதை மட்டும் மறுக்கலாம். இன்னொன்று சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். இழப்பீடு கேட்க ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. மூன்றாவது வருடம் யோசித்துக்கொண்டு போகிறவர்கள் இந்த ஆறு மாதத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

பெரிய திட்டம் என்றால் ஆலை வரும் முன்பே வாரியம் நடத்தும் பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி 30 நாள் முன்னதாக நாளிதழ்களில் அறிவிக்க வேண்டும், அதில் ஒன்று தமிழ் இதழாக இருக்க வேண்டும். அறிக்கைச் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். கலெக்டர் அலுவலகத்திலும் வாரிய அலுவலகத்திலும் முழு அறிக்கையைப் பார்க்கலாம். கூட்டத்துக்கு இத்தனை பேர் வர வேண்டும் என்ற குறைந்தபட்சக் கணக்கு கிடையாது; புறக்கணித்தாலும் கூட்டம் நடந்ததாகவே பதிவாகும். ஆகவே போய்ப் பேசுங்கள், பேசியதை எழுத்திலும் கொடுங்கள். முடிவில் எழுப்பப்பட்ட கருத்துகளைத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே கலெக்டர் கையெழுத்திட வேண்டும். உணவுப் பொட்டலத்துக்குக் கலைந்து போய்விடாமல் அந்த வாசிப்பு முடியும்வரை உட்காருங்கள். நீங்கள் சொன்னது விட்டுப்போயிருந்தால் கையெழுத்து விழும் முன் எழுந்து நின்று சேர்க்கச் சொல்லுங்கள்.